குஞ்சின் தலையில் ஒரு கொம்பு

போன வாரம் எங்கள் பல்கலைக்கழக நூலகத்திலிருந்து போன் வந்தது. ஓய்வு பெற்ற பிறகும் அந்த எண்ணைப் பார்த்தால் எனக்கு உட்கார்ந்து பேச வராது, எழுந்து நின்றுவிடுவேன். பேசியது ரம்யா, புதிதாக வேலைக்குச் சேர்ந்திருக்கும் பெண்.

"மேடம், பழைய புக்குக்கெல்லாம் சிப் ஒட்டிக்கினு இருக்கோம். எந்த புக்கைத் தொறந்தாலும் உள்ள ஒரு பக்கத்துல சீல் இருக்குது. எல்லாத்துலயும் அதே நம்பர் பக்கம். இது இன்னா கணக்கு மேடம்? இங்க யாருக்குமே தெரியல."

"நம்பரை வெளிய சொல்லிடாதேம்மா!" என்று கத்திவிட்டேன். சமையலறையில் இருந்த என் வீட்டுக்காரர் கரண்டியோடு ஓடி வந்தார்.

ரம்யா சிரித்துவிட்டு, "அப்போ இதுல ஒரு கதை இருக்குது. எழுதித் தாங்க மேடம், நூலக மலர்ல போடலாம்" என்றாள். நாற்பது வயதுக்கு மேல் எனக்கு யாரும் எதையும் இரண்டு தடவை சொல்ல வேண்டியதில்லை, அதுவும் பேசச் சொன்னால். இதோ எழுதுகிறேன்.

அந்தச் சீல் இருக்கும் பக்கத்துக்கு எங்கள் தொழிலில் இரகசியப் பக்கம் என்று பெயர். நூலகத்துக்கு ஒரு புத்தகம் வந்தால் தலைப்புப் பக்கத்தில் முத்திரை அடிப்போம், கடைசிப் பக்கத்தில் அடிப்போம். புத்தகத்தைத் தள்ளிக்கொண்டு போகிறவன் இந்த இரண்டையும் முதல் வேலையாகக் கிழித்துவிடுவான். அதற்காகத்தான் மூன்றாவதாக, நடுவில் எங்களுக்கு மட்டும் தெரிந்த ஒரு பக்கத்தில் இன்னொன்று. அந்த எண் நூலகத்துக்கு நூலகம் மாறும். வெளியே யாருக்கும் சொல்லக் கூடாது.

வரைபடம், படத்தாள் போன்ற தனித் தாள்களில் மை முத்திரை அடித்தால் படம் கெட்டுவிடும். அதனால் அவற்றுக்கு எங்கள் நூலகத்தில் வேறு முறை. கையால் அழுத்துகிற ஒரு பழைய துளைக்கருவி இருந்தது. தாளின் இடது பக்கக் கீழ் மூலையில் ஒரு சின்ன வட்டத் துளை. அதிலும் அதே கணக்குதான்: முதல் தாள், கடைசித் தாள், நடுவில் இரகசிய எண் வருகிற தாள். அந்தக் கருவியின் ஒரு ஓரம் தேய்ந்து போயிருந்ததால் வட்டத்தில் ஒரு சின்னப் பிசிறு விழும். அந்தப் பிசிறை எங்கே பார்த்தாலும் என் கையெழுத்தைப் போல அடையாளம் சொல்லிவிடுவேன்.

நான் ஓரிக்கையிலிருந்து பஸ் பிடித்து வேலைக்கு வந்தவள். நூலக அறிவியல் படித்தேன், பயிற்சியில் சேர்ந்தேன், இரண்டு வருடம் புத்தகங்களை அடுக்கினேன். அந்தக் காலத்தைப் பற்றிச் சொல்ல வேறு ஒன்றும் இல்லை, தும்மலைத் தவிர. சொல்ல வேண்டியது எங்கள் தலைமை நூலகர் ஞானமூர்த்தி சாரைப் பற்றி.

ஒல்லியான மனிதர். ரப்பர் அடி வைத்த செருப்பு போட்டுக்கொண்டு நடப்பார், எப்போது பின்னால் வந்து நிற்கிறார் என்றே தெரியாது. குரல் உயர்ந்து ஒரு நாளும் கேட்டதில்லை. கோபம் வந்தால் கண்ணாடியைக் கழற்றி, சட்டை நுனியில் நிதானமாகத் துடைத்துக்கொண்டே, "காபி சாப்பிட்டீங்களா?" என்று கேட்பார். புதிதாக வந்தவர்கள், பாவம், "சாப்பிட்டேன் சார்" என்று சந்தோஷமாகப் பதில் சொல்வார்கள். பழைய ஆட்கள் அந்த இடத்தை விட்டு நழுவிவிடுவோம்.

எனக்கு அந்தக் காபி முதலில் கிடைத்தது இரகசியப் பக்கத்தால்தான். வாசிப்பறையில் மாணவர்கள் உட்கார்ந்திருக்கும்போது, கூட வேலை செய்கிறவளிடம் அந்த எண்ணைச் சத்தமாகச் சொல்லிவிட்டேன். சார் பின்னால் நின்றுகொண்டிருந்தார். கண்ணாடி கழன்றது. காபி விசாரணை முடிந்ததும், "அந்த நம்பர் நம்ம வீட்டுச் சாவி. தெருவுல நின்னு சாவியை ஆட்டக் கூடாதும்மா" என்றார். அதற்குப் பிறகு என் கணவரிடம்கூட நான் அந்த எண்ணைச் சொன்னதில்லை. அவர் கேட்டதும் இல்லை என்பது வேறு விஷயம்.

இப்படிப்பட்ட மனிதருக்குள் ஒரு திருவிழாக்காரர் ஒளிந்திருந்தார் என்றால் நம்புவீர்களா? நூலகம் என்றால் கண்காட்சி நடத்த வேண்டும், ஊர் உள்ளே வர வேண்டும் என்று அவருக்கு ஒரே ஆசை. எங்கள் முதல் கண்காட்சியில் அரிய புத்தகங்களைக் கண்ணாடிப் பெட்டிக்குள் அடுக்கி வைத்தோம். வந்தவர்கள் மூன்று வகை: மழைக்கு ஒதுங்கியவர்கள், கழிப்பறைக்கு வழி கேட்டவர்கள், துணைவேந்தர். சார் மனம் தளரவில்லை. "வராதவங்க மேல தப்பில்ல. அவங்களுக்கு வேண்டியதை நாம வெக்கல" என்றார்.

அடுத்து ஞாயிற்றுக்கிழமைகளில் ஊர்க்காரர்களுக்கும் வாசிப்பறையைத் திறந்துவிட்டார். மாணவராக இருக்க வேண்டியதில்லை, வாசலில் பெயர் எழுதிவிட்டு உள்ளே வரலாம். அலுவலகத்தில் பெரிய முணுமுணுப்பு. ஞாயிற்றுக்கிழமை வேலை யார் பார்ப்பது? நான் பார்த்தேன். வீட்டில் ஞாயிறன்று வருகிற விருந்தாளிகளிடமிருந்து தப்பிக்க எனக்கும் ஒரு வழி வேண்டியிருந்தது.

அப்படி ஒரு ஞாயிற்றுக்கிழமைதான் புனிதா வந்தாள். பிள்ளையார்பாளையத்தில் தறி வீடு. அவளும் அவள் கணவர் ஏகாம்பரமும் பட்டு நெய்கிறவர்கள். நேராக என் மேஜைக்கு வந்து நின்றாள்.

"யக்கா, குஞ்சுங்கள முதுகு மேல ஏத்திக்கினு தண்ணியில போற பறவை ஒண்ணு இருக்குது. டக்குனு முழுகிடும். அதோட படம் பெரிசா வேணும். கெடைக்குமா?"

எனக்கு உடம்பெல்லாம் துள்ளியது. எங்கள் தொழிலில் இப்படி ஒரு கேள்வி கிடைப்பது அபூர்வம். பெரும்பாலும் "போன வருஷக் கேள்வித்தாள் எங்க இருக்கு" என்றுதான் கேட்பார்கள். விலங்கியல் பகுதிக்கு ஓடினேன். நான்காவது புத்தகத்தில் அகப்பட்டது: முக்குளிப்பான். பழுப்பு முதுகில் இரண்டு கோடு போட்ட குஞ்சு, இறகுக்குள்ளிருந்து தலையை மட்டும் நீட்டிக்கொண்டு.

புனிதா படத்தைப் பார்த்த பார்வையை என்ன சொல்ல! "இதான்க்கா! முசரவாக்கம் ஏரியில பாத்தது. எங்க ஊரு. எல்லாரும் மயிலு, அன்னம், யாளின்னு போட்டுக்கினே இருக்காங்க. நான் இதைப் பொடவைக் கரையில போடப் போறேன்."

"நீயா வரையப் போற?"

"ஏன், நான் வரையக் கூடாதா?" என்று திருப்பிக் கேட்டாள். அந்தக் கேள்விக்குப் பின்னால் வீட்டில் ஏதோ நடந்திருக்கிறது என்று புரிந்தது.

அதற்குப் பிறகு ஞாயிறு தவறாமல் வந்தாள். கட்டம் போட்ட தாளில், ஒவ்வொரு கட்டமாக, வண்ணப் பென்சிலால் நிரப்பினாள். ஒரு கட்டம் ஒரு இழை. பறவையின் அலகை மட்டும் ஒரு மாதம் அழித்து அழித்து வரைந்தாள். சார் சத்தமில்லாமல் பின்னால் வந்து நின்று பார்ப்பார், போய்விடுவார். ஒரு நாள் அவளுக்குப் பெரிய மேஜை ஒன்றை ஜன்னலோரம் போடச் சொன்னார்.

வரைந்து முடித்ததும் சிக்கல் தொடங்கியது. அவர்களுக்குப் பாவும் சரிகையும் கொடுத்து நெய்யச் சொல்கிறவர் தணிகாசலம் முதலாளி. இந்தப் பறவையை அவர் ஏற்றுக்கொண்டால்தான் புடவை. அவர் வாய்விட்டுச் சிரித்தாராம். "கல்யாணத்துக்கு யாராவது கொளத்துக் கோழியைக் கட்டுவாளா? டிசைன் போடறதுக்கு ஆளு இருக்காங்கம்மா, நீ நெய்யி." ஏகாம்பரம் பக்கத்தில் தலையைக் குனிந்துகொண்டு நின்றாராம். புனிதா விடவில்லை. கடைசியில் முதலாளி, சரி, மாதிரிக்கு ஒரு சாண் நெய்து காட்டு, நன்றாக இருந்தால் எடுத்துக்கொள்கிறேன், இல்லாவிட்டால் இனிமேல் பென்சிலைத் தொடக் கூடாது என்று சொல்லிவிட்டார்.

இதை அவள் என்னிடம் சொல்லிக்கொண்டிருந்தபோது சார் பின்னால் இருந்தார் என்பது அவர் வாயைத் திறந்தபோதுதான் தெரிந்தது.

"அந்த மாதிரியை இங்கேயே நெய்ய முடியுமாம்மா? எல்லாரும் பாக்கற மாதிரி?"

அப்படித்தான் எங்கள் 'ஓட்டைகளின் கதை' கண்காட்சி பிறந்தது. யோசனை முழுக்க சாருடையது. ஓட்டை போட்டுச் செய்தியைச் சேர்த்து வைக்கும் எல்லாவற்றையும் ஒரே அறையில் வைப்பது. நடுவில் கயிறு கோக்கத் துளையிட்ட ஓலைச்சுவடி. முன்காலத்துக் கம்ப்யூட்டருக்குப் போட்ட துளை அட்டைகள். எங்கள் கிடங்கிலேயே ஒரு பெட்டி நிறைய இருந்தன. பூச்சி அரித்து மறுபக்கம் வரை ஓட்டை போட்ட ஒரு தடிப் புத்தகம். அதற்குப் பக்கத்தில் 'இந்த நூலை முழுவதும் முடித்த ஒரே வாசகர்' என்று சார் குறிப்பு எழுதினார். இவற்றுக்கெல்லாம் நடுவில், வாசிப்பறையின் மையத்தில், புனிதாவின் தறி.

தறியில் என்ன ஓட்டை என்று கேட்பீர்கள். தறிக்கு மேலே ஜக்கார்டு என்று ஒரு பெட்டி இருக்கும். அதில் துளை போட்ட அட்டைகள் சங்கிலியாகக் கோத்துச் சுற்றும். ஒரு அட்டைக்கு, நூல் குறுக்கே போகும் ஒரு ஓட்டம். அட்டையில் துளை இருக்கிற இடத்தில் நீளவாட்டில் ஓடும் பாவு இழை மேலே எழுந்து சரிகைக்கு வழி விடும், துளை இல்லாத இடத்தில் எழாது. கட்டத்தாளில் வரைந்ததை அப்படியே அட்டையில் துளையாக அடித்துத் தருவதற்கென்று தனி ஆட்கள் இருக்கிறார்கள். புனிதாவின் அட்டைகளை அடித்து முடித்ததும், தறியில் ஏற்றிப் பார்ப்பதற்கு முன்பே, சில நாள் கண்ணாடிப் பெட்டியில் வைக்க வேண்டும் என்று சார் கெஞ்சி வாங்கி வந்துவிட்டார். முதல் அட்டையில் மஞ்சள் தடவிப் பொட்டு வைத்திருந்தார்கள். ஒவ்வொரு அட்டையிலும் வரிசை எண் எழுதியிருந்தது.

தறியை ஆட்கள் கொண்டுவந்து பூட்டிப் பாவு மாட்டினார்கள். நெய்யத் தொடங்குவதற்கு முன் கற்பூரம் காட்ட வேண்டும் என்றார் ஏகாம்பரம். நூலகத்துக்குள் நெருப்பா? சார் கண்ணாடியில் கை வைத்தார், நான் பயந்துவிட்டேன். ஆனால் அவர் கழற்றவில்லை. "தறியை வெளிய கொண்டு போக முடியாது. நாடாவைக் கொண்டு போகலாமே" என்றார். ஊடை இழையைச் சுமந்துகொண்டு குறுக்கே ஓடுகிற நாடாவைத் தட்டில் வைத்து முன்வாசலுக்கு எடுத்துப்போய்க் கற்பூரம் காட்டினோம். தீயணைப்புக் கருவியோடு நான் பக்கத்தில் நின்றேன். புனிதா என்னைப் பார்த்துப் பார்த்துச் சிரித்தாள்.

கண்காட்சி அன்று காலை கூட்டம் வந்தது பாருங்கள்! எங்கள் நூலகத்தில் அப்படிக் கூட்டத்தை நான் பரீட்சை நேரத்தில்கூடப் பார்த்ததில்லை. பிள்ளையார்பாளையத்திலிருந்து தெருத்தெருவாக வந்திருந்தார்கள். சைக்கிள் நிறுத்த இடமில்லை. மாணவர்கள் படிக்கட்டில் உட்கார்ந்திருந்தார்கள். 'அமைதி காக்கவும்' என்ற பலகைக்குக் கீழேயே தறி சடக் சடக் என்று ஓடியது. எனக்கு அழுகை வருகிற அளவுக்குச் சந்தோஷம். தணிகாசலம் முதலாளிக்கு முன்வரிசையில் நாற்காலி போட்டிருந்தோம். வெள்ளை வேட்டி, கையில் பூதக்கண்ணாடி. நெசவில் அவர் கண்ணை யாரும் ஏமாற்ற முடியாது என்று ஊரே சொல்லும்.

ஏகாம்பரமும் புனிதாவும் சேர்ந்து உட்கார்ந்து நெய்தார்கள். முதலில் நாணல் பூ வந்தது. பிறகு அலகு, கழுத்து. ஒவ்வொரு ஓட்டத்துக்கும் கூட்டம் எட்டிப் பார்த்தது. முதுகு வந்தது, முதுகின் மேல் குஞ்சு வந்தது. ஒரு மாணவி கையைத் தட்டினாள். பிறகு எல்லோரும் தட்டினார்கள்.

முதலாளி எழுந்து வந்து பூதக்கண்ணாடியை வைத்துப் பார்த்தார்.

"இது இன்னாப்பா குஞ்சுத் தலையில? கொம்பா?"

எல்லோரும் குனிந்தார்கள். குஞ்சின் தலைக்கு நேர் மேலே, ஒன்றுமே இருக்கக் கூடாத இடத்தில், பொட்டளவு சரிகைப் புள்ளி ஒன்று பளிச்சென்று நின்றது. பறவைக் குஞ்சு கன்றுக்குட்டி போலத் தெரிந்தது. பின்னால் யாரோ களுக்கென்று சிரித்தார்கள்.

புனிதாவின் முகம் வெளுத்துவிட்டது. "நான் அங்க புள்ளி வெக்கல" என்றாள்.

"வரைஞ்சபடிதான் அட்டை அடிப்பாங்க" என்றார் ஏகாம்பரம். முதலாளி பக்கத்தில் நிற்கிறார் என்ற பயம் அவர் குரலில் இருந்தது. "கட்டம் தப்பிப் போட்டிருப்ப. எத்தினி தபா அழிச்சி அழிச்சி வரைஞ்ச!"

"நான் வெக்கலன்னு சொல்றேன் இல்ல? அந்த எடத்துல நான் பென்சிலே வெக்கல!"

"வுடும்மா" என்றார் முதலாளி. கோபமாகச் சொல்லவில்லை, அதுதான் இன்னும் மோசமாக இருந்தது. "மொத தபா வரையறவங்களுக்கு இது சகஜம். அதான் அன்னிக்கே சொன்னேன், இதுக்கு ஆளு இருக்காங்கன்னு. நல்லா நெய்யற, நெய்யி. அது போதும்." துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். கிளம்பப் போகிறார்.

எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. ஜன்னலோர மேஜையில் அவள் ஒவ்வொரு கட்டமாக எண்ணி நிரப்பியதைப் பார்த்தவள் நான். அவள் தப்பு செய்திருக்க மாட்டாள். ஆனால் அதை எப்படிச் சொல்வது? என்ன செய்வதென்று தெரியாமல் தறிக்குப் பின்பக்கம் போய், தொங்கிக்கொண்டிருந்த அட்டைச் சங்கிலியைப் பார்த்தேன். மஞ்சள் பொட்டு வைத்த முதல் அட்டை கண்ணுக்கு நேரே இருந்தது. அதன் இடது கீழ் மூலையில் ஒரு துளை. வட்டத்தின் ஓரத்தில் ஒரு பிசிறு.

அதை ஒட்டித்தான் கடைசி அட்டையும் கோத்திருந்தது. அதிலும் அதே மூலையில் அதே பிசிறு! முதல் அட்டையின் புள்ளி நாணல் பூவோடு கலந்து மறைந்துவிட்டது, கடைசி அட்டை இன்னும் ஓடவில்லை.

யார் வேலை என்று உடனே புரிந்தது. எங்கள் பதிவுப் பிரிவில் மோகன் என்று ஒருவர். கையில் கிடைத்த எதையும் முத்திரையில்லாமல் விடமாட்டார். அப்படி ஒரு கடமை உணர்ச்சி. அட்டைப் பை கண்ணாடிப் பெட்டிக்குப் போகும் வழியில் ஒரு நாள் அவர் மேஜையில் இருந்திருக்கிறது. நன்கொடை என்று நினைத்துவிட்டார். தனித் தாள் என்பதால் மை வேண்டாம், துளை போடு. முதல் தாள், கடைசித் தாள், பிறகு...

பிறகு என்ன என்று எனக்குத் தெரியும்! நான் சாரிடம் ஓடினேன். அந்த வாசிப்பறையில் ஓடியது அதுதான் முதல் தடவை. அவர் காதில் சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றினார். காபி பற்றி எதுவும் கேட்கவில்லை. திரும்ப மாட்டிக்கொண்டு நேராக முதலாளியிடம் போனார்.

"ஐயா, ஒரு நிமிஷம். அந்தப் புள்ளி அவங்க வெச்சது இல்ல. எங்க நூலகம் போட்ட ஓட்டை."

முதலாளி அவரைக் கனிவோடு பார்த்தார். "சாரு, உங்க மனசு எனக்குப் புரியுது. இத்தினி பேரு முன்னாடி பொண்ணு அழுவக் கூடாதுன்னு நீங்க பழியை ஏத்துக்கறீங்க. வேணாம் சாரு. தொழில்ல இதெல்லாம் சாதாரணம்."

இப்போது சங்கிலியைச் சுற்றிக் கொம்பு விழுந்த அட்டையை எடுத்துக் காட்டினாலும் பயனில்லை. துளை என்றால் துளைதான். அவள் வரைந்த கட்டத்தாளோ அட்டை அடித்தவரிடமே தங்கிவிட்டது. வரைந்ததால் விழுந்ததா, நாங்கள் போட்டதா என்று அதன் முகத்தில் எழுதியிருக்காது. பிசிறு என் கண்ணுக்குத் தெரியும். அவருக்கு அது என்ன சாட்சி? அவரை நம்பவைக்க ஒரே வழிதான் இருந்தது. அது எனக்கும் தெரிந்தது, சாருக்கும் தெரிந்தது. சுற்றிலும் ஊரே நின்றது. மாணவர்கள் நின்றார்கள். அதில் எத்தனை பேர் சட்டைக்குள் புத்தகத்தைச் செருகிக்கொண்டு போகிறவர்கள் என்பதும் எனக்கு ஓரளவு தெரியும்.

சார் தொண்டையைச் செருமினார்.

"எல்லாரும் கேளுங்க. இந்த நூலகத்துல ஒரு வழக்கம் இருக்கு. எது வந்தாலும் மூணு எடத்துல அடையாளம் போடுவோம். மொதல்ல, கடைசியில, நடுவுல ஒரு எடத்துல. நடுவுல எதுன்னு எங்களைத் தவிர யாருக்கும் தெரியாது. நான் இன்னும் அந்த அட்டையைப் பாக்கல. அது என் கண்ணுக்கு எட்டற எடத்துலயும் இல்ல. இப்ப அந்த நம்பரைச் சொல்றேன். குஞ்சுக்குக் கொம்பு வெச்ச அட்டை அதே நம்பரா இருந்தா, தப்பு எங்களுது. வேற நம்பரா இருந்தா, நீங்க சொன்னது சரி."

சொன்னார். சத்தமாக. அவர் குரல் உயர்ந்து நான் கேட்ட ஒரே தடவை அதுதான்.

அந்த எண்ணை இங்கே எழுத மாட்டேன். அன்று அறையில் இருந்தவர்களுக்குத் தெரியும்; உங்களுக்கு வேண்டாம். பழைய புத்தகங்கள் இன்னும் அடுக்கில்தான் இருக்கின்றன.

ஏகாம்பரம் தறியிலிருந்து எழுந்து சங்கிலியை முதல் அட்டையிலிருந்து சுற்றினார். நாணலைத் தாண்டி, கழுத்தைத் தாண்டி, முதுகு வந்தது. குஞ்சின் தலை வந்த இடத்தில் ஒரு அட்டையைப் பிடித்து நிறுத்தினார். எண்ணைப் படித்தார். மறுபடி படித்தார். அட்டையை அப்படியே முதலாளி பக்கம் திருப்பிக் காட்டினார். முதலாளி பூதக்கண்ணாடியோடு குனிந்தார். மூலையில் துளை, துளையில் பிசிறு, மேலே சார் சொன்ன அதே எண்.

வாசிப்பறையில் எழுந்த சத்தத்தில் புறாக்கள் ஜன்னலை விட்டுப் பறந்தன. நானும் கத்தினேன், எதற்கு மறைக்க வேண்டும்? புனிதாவைக் கட்டிப்பிடித்துக்கொண்டு கத்தினேன். அவள் அழுதாள், சிரித்தாள், மூக்கைச் சீந்தினாள்.

இந்தக் கலவரத்துக்கு நடுவில் மோகன் டீ குடித்துவிட்டு உள்ளே வந்தார். விஷயத்தைச் சொன்னேன். "மேடம், அதுல ஏற்கெனவே அவ்ளோ ஓட்டை இருந்துச்சே! இன்னும் மூணு போட்டா இன்னான்னு..." என்று இழுத்தவர், சாரைப் பார்த்ததும் நின்றுவிட்டார். சார் அவர் பெயரை அன்றும் சொல்லவில்லை, பிறகும் சொல்லவில்லை. என்னிடம் மட்டும், "மோகன் காபி சாப்பிட்டாரான்னு கேட்டுச் சொல்லுங்க" என்றார்.

எங்கள் பைண்டர் ஓடிப்போய்ப் பசையும் மெல்லிய அட்டையும் கொண்டுவந்தார். கிழிந்த புத்தகத்தை ஒட்டித் தேய்ந்த கை. மூன்று துளைகளையும் இரண்டு பக்கமும் மூடி, மின்விசிறிக்கு அடியில் காயவைத்து, நகத்தால் சுரண்டிப் பார்த்துக் கொடுத்தார். முதலாளி கிளம்பவில்லை. சாப்பாட்டு நேரம் ஆகியும் கூட்டமும் கிளம்பவில்லை. வெளியே இட்லி விற்கும் அம்மா கூடையோடு படிக்கட்டு வரை வந்துவிட்டார்.

மத்தியானம் மறுபடி தறி ஓடியது. நாணல், அலகு, கழுத்து, முதுகு. குஞ்சின் தலை வரும்போது ஏகாம்பரம் ஒவ்வொரு ஓட்டத்துக்கும் நின்று நின்று பார்த்தார். நான் கண்ணை மூடிக்கொண்டேன். புனிதா, "யக்கா, கண்ணைத் தொற" என்றாள். வழவழவென்று ஒரு சின்னத் தலை. மேலே வெறும் பட்டு.

முதலாளி நீண்ட நேரம் பார்த்தார். ஏகாம்பரத்திடம் ஏதோ கேட்க வாயெடுத்தவர், நிறுத்திவிட்டுப் புனிதா பக்கம் திரும்பினார்.

"இதுக்கு இன்னாம்மா பேரு வெக்கப் போற? கடையில கேட்டா நான் இன்னா சொல்றது?"

"முக்குளிப்பான் கரை" என்றாள் அவள்.

"கொளத்துக் கோழின்னு நான் சொன்னதை மறந்துடு" என்றார் முதலாளி. "அடுத்தது இன்னா பறவை போடறேன்னு யோசிச்சி வை." ஏகாம்பரம் மனைவியைப் பார்க்க முடியாமல் நாடாவைத் துடைத்துக்கொண்டிருந்தார். பிறகு, எல்லோருக்கும் கேட்கும்படியாக, "நான் அவசரப்பட்டுச் சொல்லிட்டேன். அவ சரியாத்தான் வரைஞ்சா" என்றார். புனிதா தலையை மட்டும் ஆட்டினாள். வீட்டுக்குப் போய் மீதியைப் பேசியிருப்பார்கள்.

அடுத்த வேலை நாளே இரகசிய எண்ணை மாற்றினோம். புதிய புத்தகங்களுக்கெல்லாம் வேறு பக்கம். அதையும் நான் சொல்லப்போவதில்லை.

மாதிரித் துணியைத் தறியிலிருந்து அறுத்தபோது, கொம்பு முளைத்த முதல் குஞ்சு இருந்த பகுதியைத் தனியாக வெட்டி, நூலகத்துக்குக் கொடுப்பதாகப் புனிதா சொன்னாள். சாருக்கு அப்படி ஒரு மகிழ்ச்சி. இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். பக்கத்திலேயே நின்ற எனக்குத் தொழில் புத்தி விடுமா?

"சார், சேர்க்கையில பதியணும்னா அடையாளம் போடணுமே. பட்டுத் துணி. மை அடிச்சா பரவும், துளை போட்டா கிழியும். எங்க போடறது?"

சார் துணியை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்துக்கொண்டு யோசனையில் நின்றார். புனிதாதான் குஞ்சின் தலையைத் தொட்டுக் காட்டினாள்.

"அதான் ஏற்கெனவே போட்டுட்டீங்களே, சார்."